முதிய மரத்தின் தலையை வெட்டச் சொல்லும் முன்: கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உங்கள் வளாகங்களில் நிற்கும் பழைய தூங்குமூஞ்சி, அங்சானா, தெம்புசு, பெருங்கொன்றை மரங்களில் ஏறி வேலை செய்பவர்கள் நாங்கள். “மரம் உயரமாக உள்ளது, பாதியாகக் குறைக்கவும்” என்று ஒற்றை வரியில் வேலை ஆணை வருகிறது. இனி அந்த வரியை எழுத வேண்டாம் என்று கேட்கவே இம்மடல்.

உங்கள் அச்சம் நியாயமானது. 2017 பிப்ரவரியில் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் 270 வயதைக் கடந்த தெம்புசு மரம் சாய்ந்து ஓர் உயிர் போனது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்னே, சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் யாரும் துணிச்சல் காட்ட மாட்டார்கள். ஆனால் தலையை வெட்டினால் அபாயம் தீராது. சில ஆண்டுகள் தள்ளிப்போய், முன்னிலும் பெரிதாக வரும்.

காரணம் இது. இலை போனால் மரத்துக்குச் சோறு போனது. உடனே தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். தூங்குமூஞ்சியும் அங்சானாவும் இதில் வெகு வேகம். இயல்பாக வளர்ந்த கிளையின் அடி ஆண்டுக்கணக்கில் தண்டோடு பின்னிப்போயிருக்கும். துளிர்க்கிளையோ வெளி அடுக்கை மட்டுமே பிடித்திருக்கும். அதே நேரத்தில், திறந்து கிடக்கும் பெரிய வெட்டுவாய் வழியே பூஞ்சை உள்ளே இறங்கும். மேலே கிளை நீண்டு கனக்க, அது பிடித்திருக்கும் இடம் கீழே உளுத்துக்கொண்டே போகும். பிறகு ஒரு மழைக்காற்று போதும், பச்சைக் கிளை அடியோடு பிய்த்துக்கொண்டு விழும்.

செய்ய வேண்டியது நுனிக்குறைப்பு. நீண்டு கனத்த கிளைகளை மட்டும், தகுந்த பக்கக்கிளை ஒன்று வரை வெட்டி நிறுத்த வேண்டும். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஓராண்டில் மொத்தப் பசுமையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, முதிய மரத்தில் அதனினும் குறைவு. கனத்த கிளையை முழுதாக எடுப்பதென்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி அடியிலிருந்து கால்பங்கு ஆழம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை விழுந்துவிடும், மீந்த கட்டையைக் கிளையடியில் புடைத்துத் தெரியும் கழுத்துக்கு வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். முதல் வெட்டை விட்டால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கழுத்தையே அறுத்துவிட்டால் புண் மூடாது. வெட்டுவாயில் தார், சாயம் எதுவும் பூச வேண்டாம், பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

உயரத்தைப் பார்க்கும் கண்கள் அடிமரத்தையும் பார்க்க வேண்டும். முழு மரமாகச் சாயும்போது கோளாறு பெரும்பாலும் வேரிலோ அடித்தண்டிலோதான் இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு மாதந்தோறும் அடிப்பட்டையைக் கீறுகிறது. வேர் விரியும் இடத்தை மண் கொட்டி மூடுகிறார்கள், அல்லது தண்டை ஒட்டியே சிமெண்டுத் தளம் போடுகிறார்கள். குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும் பள்ளம்தான் இவற்றில் மிக மோசம். நெஞ்சுயரத்தில் தண்டின் விட்டம் எவ்வளவோ அதைப்போல் 12 மடங்கு தூரத்துக்குள் தோண்டக் கூடாது என்பது கணக்கு. 80 சென்டிமீட்டர் தண்டுக்கு 9.6 மீட்டர். நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால், ஆழமில்லாத பள்ளம்கூட அவற்றை அறுத்துவிடும். அடியில் தட்டுத்தட்டாக மரக்காளான், வேர்ப்பக்கம் மண் வெடிப்பு, ஒரு பக்கம் தரை மேலெழும்புவது, முன்பில்லாத சாய்வு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடத்தை அடைத்துவிட்டு, சான்றிதழ் பெற்ற மர வல்லுநரை அன்றே கூப்பிடுங்கள்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. நடுமரமாகிய வைரம் செத்த பகுதி. நீர் ஏற்றுவது அதைச் சுற்றியுள்ள வெளிமரம். தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளிச்சுவர் கெட்டியாக இருந்தால் குழாய்போல நிற்கும் என்பது துறையில் பரவலாகப் பயன்படும் தோராயக் கணக்கு: 50 சென்டிமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர். பொந்து பக்கவாட்டில் அகலமாகத் திறந்திருந்தால் இக்கணக்கு செல்லாது. சுத்தியலால் தட்டிக் கேட்டு, சந்தேகம் வந்தால் ஒலியலைக் கருவியால் உட்புறத்தைப் படம் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம். சிமெண்டு ஊற்றி அடைக்க மட்டும் வேண்டாம். காற்றில் மரம் அசையும், சிமெண்டு அசையாது, உட்சுவர் உராய்ந்து நொறுங்கும். தேங்கும் நீரில் கொசு முட்டையிடும் என்பது உண்மையான கவலை. உயிர் ஏதும் குடியிருக்கவில்லை என்று உறுதியான பிறகு உலர்ந்த மணலால் நிரப்பினால் போதும்.

பொந்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் எங்களை மிகவும் அவசரப்படுத்துகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அற்றுப்போன இருவாச்சி 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. இன்று குடியிருப்புகளுக்கு நடுவிலும் பறக்கிறது. இருவாச்சியால் பொந்து குடைய முடியாது, பழைய மரத்தில் தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவு வழியே ஆண் கொண்டுவரும் உணவை வாங்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அடைபட்ட ஓட்டைபோலத்தான் தெரியும். வேலைக்கு முன் அரைமணி நேரம் எட்டி நின்று கவனித்தால் ஆண் வருவது தெரிந்துவிடும். கிளிகளும் ஆந்தைகளும் இதே பொந்துகளை நம்பியிருக்கின்றன. மரங்கொத்தியும் செம்மார்புக் குக்குறுவானும் பட்ட கிளையில் தாமே குடைந்துகொள்ளும். தண்டில் மெழுகுக் குழாய்போல் ஒரு சிறு வாயில் நீட்டியிருந்தால் அது கொசுத்தேனீ, கொட்டாது. பகலில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் கொலுகோ என்னும் சறுக்கிப் பறக்கும் பாலூட்டியை, இரைச்சல் தொடங்குமுன் தேடினால்தான் காண முடியும்.

ஆகவே கீழே நடைபாதை இல்லாத இடத்தில், பட்ட கிளையை முழுதும் எடுக்காமல் ஒன்றிரண்டு மீட்டர் கட்டையாக நிறுத்துங்கள். மரத்தில் தொற்றி வளரும் பறவைக்கூடு பெரணி மழையில் நனைந்தால் பெருங்கனம். நீண்ட கிளையின் நுனிப்பக்கம் இருப்பதை எடுங்கள், தண்டுக் கவையில் இருப்பதை விட்டுவிடுங்கள். மழை திடீரென்று குளிர்வித்தால் ஏறக்குறைய ஒன்பதாம் நாள் ஊரெங்கும் ஒரே காலையில் பூக்கும் புறா ஆர்க்கிட்டை எடுக்கவே வேண்டாம், அதற்குக் கனம் இல்லை. அவசரமில்லாத கிளைவெட்டை, பறவைகள் அதிகம் கூடுகட்டும் ஆண்டின் முற்பாதியில் வைக்காமல் ஆகஸ்ட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலத்திலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வனவிலங்குகளைக் கொல்வதும் பிடிப்பதும் தனிக் குற்றம்.

அடுத்த முறை விலைப்புள்ளி கேட்கும்போது இப்படி எழுதுங்கள்: “எந்த மரம், எந்தக் கிளை, எந்தப் பக்கக்கிளை வரை என்று படத்தில் குறித்துத் தரவும். தலைவெட்டு கூடாது. அடிமரத்தைச் சோதித்த அறிக்கை இணைக்கவும். கூடு, பொந்து பார்த்த பின்பே ரம்பம் எடுக்கவும். உயிர் இருந்தால் வேலையை நிறுத்தி எங்களுக்குத் தெரிவிக்கவும், அதற்கான மறுவருகைக் கட்டணம் தரப்படும்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏறுபவருக்கு அன்றைய கூலி போகாது என்று தெரிந்தால்தான் அவர் ரம்பத்தை அணைத்துவிட்டு இறங்கி வருவார்.

இப்படிக்கு,
மரப்பராமரிப்புப் பணியாளர்கள்,
சிங்கப்பூர்