புது கிரவுன் பினியனையும் பழக்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் வாகன இணைப்பில் வந்த பராமரிப்புக் கட்டுரையை முழுக்கப் படித்தேன். புது இன்ஜினைப் பழக்குவது பற்றி அதில் இருப்பதெல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தியில், இன்ஜின் தவிர வேறு எந்தப் பாகத்துக்கும் ரன்னிங்-இன், அதாவது பதமாக ஓட்டிப் பழக்குவது, தேவையில்லை, மாற்றிய அன்றே இஷ்டம்போல ஓட்டலாம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் காரில் கிரவுன் பினியன், அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி, மாற்றிய யாராவது அதை நம்பி ஓட்டினால் பெரிய நஷ்டம். நான் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. பதினோரு வருஷமாக அமெரிக்காவில், ஹூஸ்டனில் வேலை. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை, 2012 மாடல், ஐந்து லிட்டர் வி8, மேனுவல் கியர், பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் பின் ஆக்சில் விகிதம் 3.31, அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற சின்னப் பல்சக்கரமான பினியன் 3.31 சுற்று சுற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் இன்னும் பாய்ச்சல் வேண்டும் என்பவர்கள் அதை 3.73 ஆக மாற்றிக்கொள்வது அங்கே ரொம்ப சாதாரணம். 11 பல் பினியன், 41 பல் கிரவுன். முன்பு நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடிய வேகத்துக்கு இப்போது இன்ஜின் 2,250 சுற்று ஓட வேண்டும், ஹைவேயில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது அது வேறு வண்டி.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு மாற்றினேன். சாவியைக் கையில் கொடுத்தவர் எல்லாம் ரெடி என்று சொன்னாரே தவிர, முதல் சில நாள் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம், வெளியே 38 டிகிரி வெயில். மறுநாளே டல்லஸ் கிளம்பிவிட்டேன், ஐ-45 ஹைவே, 380 கிலோமீட்டருக்கு மேல், மிதித்த காலை எடுக்காமல் ஒரே சீராக 120 கிலோமீட்டர் வேகம். பாதி வழி தாண்டியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஓர் ஊளை கேட்டது. ஆக்சிலரேட்டரை விட்டால் அடங்கும், மிதித்தால் திரும்ப எழும். ஹூஸ்டன் திரும்பி, ஆக்சில் மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றினோம். ஆயில் கருகருவென்று தீய்ந்த வாடையோடு வடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கிரவுன் பற்களின் நுனியோரம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. உருக்கு சூட்டில் அந்த நிறத்துக்கு வந்துவிட்டால் அதன் கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். முழு செட்டையும், பேரிங்கோடு சேர்த்து, மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் சங்ககிரியில் முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். "ஏன் கண்ணு, புதுப் பல்லைப் போட்டு ஒரே மூச்சுல அவ்வளவு தூரம் ஓட்டுவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல" என்றார். அப்போதுதான் பட்டறைக் காட்சி கண்ணில் வந்தது. கிரவுன் பினியன் மாற்றிய எந்த லாரியையும் அவர் உடனே லோடுக்கு அனுப்ப மாட்டார். டிரைவரிடம், "காலியாவே சேலம் போயிட்டு வாங்க, மிதிக்க வேண்டாம், மூணு நாளைக்கு லோடு ஏத்தாதீங்க, பல்லு பழகட்டும்" என்பார். வண்டி திரும்பி வந்ததும் குனிந்து போய் ஆக்சில் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். புறங்கை தாங்கவில்லை என்றால் வண்டி அன்றைக்குப் பட்டறையிலேயே நிற்கும். இத்தனையும் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு, கார் என்றதும் அதெல்லாம் லாரிக்குத்தானே என்று தோன்றிவிட்டது.

காரணம் அந்தப் பற்களின் அமைப்பிலேயே இருக்கிறது. இது ஹைப்பாய்டு கியர். பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக நிற்காது, சற்றுக் கீழே இறங்கி நிற்கும். 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது, பேக்கார்டு கார்களில் முதலில் வந்தது. இன்ஜின் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. ஆனால் இந்த அமைப்பில் பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்பதில்லை, நீளவாக்கில் ஒன்றின்மேல் ஒன்று உரசி வழுக்குகின்றன. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த, ஜிஎல்-5 என்ற தரத்து கியர் ஆயில் இதற்குத் தேவைப்படுவது அதனால்தான், மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றமும் அதனுடையதே. புதுப் பல் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஜோடியாக வைத்துத் தேய்த்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள், இருந்தாலும் மேற்பரப்பில் நுண்ணிய மேடுகள் மிச்சம் இருக்கும். மொத்த பாரமும் அந்த மேடுகளின் தலையில் இறங்கும். அங்கே சூடு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், ஆயில் படலம் கிழிந்ததும் உருக்கு உருக்கோடு உரசும். இடைவிடாமல் ஓட்டினால் இந்தச் சூடு இறங்க வழியே இல்லை. கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டி ஆறவிட்டால் மேடுகள் பதமாக அமுங்கிப் பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்திவிடும்.

இரண்டாவது செட்டை அப்படித்தான் பழக்கினேன். முதல் நாள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் இருபது நிமிஷம், லேசான மிதி, வேகத்தை ஏற்றி இறக்கி. நடுநடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்து வண்டியைத் தானாக ஓடவிட்டேன், ஏனென்றால் பல்லின் மறுபக்கமும் பழக வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, ஆக்சில் தொட்டால் சில்லென்று இருக்கும் வரை மறுபடி எடுக்கவில்லை. சூடு பார்க்கும் கருவியைக் காட்டியபோது முதல் ஓட்டத்தில் 79 டிகிரி. அதே தெருக்கள், அதே இருபது நிமிஷம், நாலாவது ஓட்டத்தில் 64. பல் பழகுவதை எண்ணிலேயே பார்க்க முடிந்தது, எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. 800 கிலோமீட்டர் வரை முழு மிதி கிடையாது, கிளட்சைத் திடீரென்று விட்டுப் பாய்வது கிடையாது, நீண்ட ஹைவே ஓட்டம் கிடையாது. அங்கே கியர் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதும் இதே 500 மைல் கணக்குதான். அது முடிந்ததும் ஆயிலை இறக்கினேன். பழக்குவதற்கு விலை உயர்ந்த சிந்தெடிக் வேண்டாம், சாதாரண 80டபிள்யூ-90 கியர் ஆயில் போதும், எப்படியும் கொட்டப்போவதுதானே. உள்ளே இருக்கும் காந்தத்தில் விபூதியைக் குழைத்து அப்பிய மாதிரி சாம்பல் நிறச் சேறு இருந்தது. அது இருக்க வேண்டியதுதான். செதிலோ துணுக்கோ கையில் தட்டுப்பட்டால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்தம் போட்டால் "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்று சில இடங்களில் சொல்லி அனுப்புவார்கள். நம்பாதீர்கள். பினியனின் ஆழமோ, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் விட வேண்டிய கால் மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியோ தப்பாக வைத்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் சரியாகாது. மூடியைப் போடும் முன்பே பல்லில் மஞ்சள் பெயிண்ட் தடவி, சுற்றிப் பார்த்து, அச்சு பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கிற மெக்கானிக்கிடம் நான் இனி வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

இது பழைய காலத்துப் பயம் என்று யாராவது சொன்னால், பிஎம்டபிள்யூ எம் கார்களைப் பாருங்கள். புது வண்டி 2,000 கிலோமீட்டர் ஓடியதும் செய்கிற முதல் சர்வீஸில் இன்ஜின் ஆயிலோடு, கிரவுன் பினியன் இருக்கும் பின் டிஃப்ரன்ஷியலின் ஆயிலையும் இறக்கி மாற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டில் மஸ்டாங் ஓட்டுபவர்கள் சிலர்தான். ஆனால் காண்டெசாவைத் தேடி எடுத்துப் புது உயிர் கொடுப்பவர்களும், ஜீப்புக்கு ஆக்சில் விகிதம் மாற்றுபவர்களும், பின் ஆக்சில் பிரித்துக் கட்டிய மினி வேனில் மறுநாளே காய்கறி மூட்டை ஏற்றுபவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் இணைப்பைப் படிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் குறைவாக இருந்தால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், முதல் 800 கிலோமீட்டரையும் அதன்பிறகு ஆயில் மாற்றுவதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து ஒரு சங்ககிரி வாசகர்