காணாமல்போன சிப்பாயைக் 'கன்னியாகுமரி' என்று தேடாதீர்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் காணாமல்போன நம் கன்னியாகுமரி மாவட்டச் சிப்பாய்களின் பழைய படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு, "உறவினர் யாரென்று தெரிந்தால் சொல்லவும்" என்று கேட்கிறார்கள். படம் குழுக்குழுவாகச் சுற்றுகிறது. ஆள் மட்டும் அகப்படுவதில்லை. தேடும் இடமும் விசாரிக்கும் ஆட்களும் மாறிப்போவதே பெரும்பாலும் காரணம்.

1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரில் (1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தவை. போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் 'தமிழ்நாடு' என்றோ 'கன்னியாகுமரி' என்றோ தட்டினால் நம்மாள் எப்படி வருவார்? கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் 'டிராவன்கூர்' என்று ஆங்கிலத்தில் இட வேண்டும். படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். "இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், கல்குளம், டிராவன்கூர்" என்று ஒரு வரி இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். ஞானமுத்துவை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். 'விளை' என்று முடியும் வீட்டுப்பெயர் எழுத்தர் கையில் 'வில்லா' ஆகியிருக்கலாம். மார்த்தாண்டம் அன்று தொடுவெட்டி.

கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் 24,000-க்கு மேலும், பர்மா தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 27,000-மும் உள்ளன. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 15.2.1942 என்ற தேதி ஒருவர் பெயருக்கு எதிரே இருந்தால் அன்றுதான் இறந்தார் என்று முடிவு கட்ட வேண்டாம். கடைசியாகத் தகவல் இருந்த நாளை வைத்து இறந்ததாகக் கொண்டதும் உண்டு. கைதியாகி நியூ கினிப் பக்கம் கொண்டுபோகப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

பெயரைவிட உறுதியானது படை எண். சிப்பாயின் சம்பளப் புத்தகமான பே புக் செல்லரித்துப் போயிருந்தாலும் பதக்கம் வீட்டில் கிடக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த அதே பதக்கங்களை இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். வட்டப் பதக்கமென்றால் விளிம்பில், ஆறு முனை நட்சத்திரமென்றால் பின்புறத்தில், எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் பொடி எழுத்தில் இருக்கும். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். அல்லது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள்.

எண் கிடைத்த பிறகே அந்தப் படைப்பிரிவின் ஆவணப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுவதில் பயன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. திருவிதாங்கூர் நாயர் படை பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில்தான் சேர்ந்தது. தனிநபர் சர்வீஸ் தாள்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள். 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேட்டில் பார்த்துச் சொல்லுமாறு குறிப்பிட்டுக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். அசல் பே புக்கையோ பதக்கத்தையோ யாருக்கும் தபாலில் அனுப்பக் கூடாது.

இனி உறவு. எல்லோரும் மகனையும் பேரனையும் தேடுகிறார்கள். போனவர்களில் பலர் கல்யாணமாகாத இளைஞர்கள். பேரனுக்கு எங்கே போவது? பல பத்தாண்டு மண்ணில் கிடந்த எலும்பில் மிஞ்ச வாய்ப்பு அதிகமுள்ள டி.என்.ஏ. தாய்வழியாக வருவது. அது சிப்பாயிடமிருந்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. உடன்பிறந்த அக்கா தங்கையிடம் இருக்கும். அவர்கள் மக்களிடம் இருக்கும். அவர்களின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளிடமும் இருக்கும். அம்மாவின் தங்கை மக்களும் ஆகும். ஆகவே "அவருக்குச் சகோதரிகள் யார், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்?" என்பதே முதல் கேள்வி.

இதில் நம் மாவட்டத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பங்களில் தாய்வழிக் கிளைகளை எழுதியே வைத்திருக்கிறார்கள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபின் எழுதிய பாகப் பத்திரங்களில் ஒவ்வொரு தாவழியின் (தாய்வழிக் கிளையின்) ஆண் பெண் பெயர்களையும் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில்பற்று (தேவாலயப் பங்கு) பதிவேடுகள் கைகொடுக்கும். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவில் லத்தீன் பெயர் இருக்கலாம்: யாக்கோபு அங்கே ஜாகோபுஸ். பழைய பத்திரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதற்குப் பின் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சிங்கப்பூர் வீழ்ந்தது 1117 மாசித் தொடக்கம்.

மரபணுச் சோதனைக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ஒப்பிட அங்கே எலும்பு கிடைத்திருந்தால்தான் அதற்கு வேலை. இப்போது வேண்டியது தாய்வழி உறவை ஒரு தாளில் எழுதி, உயிரோடிருப்பவர் பெயருக்குக் கீழே கோடு போட்டு வைப்பது. தேடித்தருகிறேன் என்று ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

தங்கள் நாளிதழில் இத்தகைய அறிவிப்பு வெளியிடும்போது படத்தோடு வீட்டுப்பெயர், பழைய தாலுகாவும் பகுதியும் (அன்றைய வருவாய்க் கிராமம்), தாயார் பெயர், படை எண் இந்த நான்கையும் கேட்டுவாங்கிப் போட வேண்டுகிறோம். இடம் போதாவிட்டால் படத்தை விட்டுவிடுங்கள். தாயார் பெயரை விட்டுவிடாதீர்கள்.

படைவீரர் குடும்பங்களைத் தேடித்தரும் சிலர்,
தக்கலை