பிரிக்க வேண்டிய இடம் மேசைப் பக்கம்

விழா அரங்குகளை நடத்துவோருக்கும், விழா ஏற்பாடுகளை எடுத்துச் செய்வோருக்கும்,

வணக்கம்.

விருந்து முடிந்ததும் மேசை விரிப்பின் நான்கு மூலைகளையும் கூட்டிப் பிடித்து, மேலே கிடப்பதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குவது பல அரங்குகளில் வழக்கம். மேசை நொடியில் காலி. மூட்டைக்குள் மீந்த உணவு, பாதி குடித்த பானம், தட்டு, பாட்டில், பரிசு சுற்றிய தாள் எல்லாம் ஒன்றில் ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். எண்ணெயும் ஈரமும் ஏறிய அட்டையைக் காகித ஆலை எடுக்காது. அதை அப்புறம் உட்கார்ந்து பிரிக்கச் சொல்வது துப்புரவுப் பணியாளருக்குச் செய்யும் கொடுமை.

ஆகவே முதலில் ஈரத்தைப் பிரியுங்கள். மீந்த பானத்தைக் கொட்ட ஒரு வாளி, அதை ஒட்டி உணவுக்கு ஒரு தொட்டி, பாட்டிலுக்கும் கேனுக்கும் ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, வேறெதிலும் சேராததற்கு ஒன்று. எல்லாம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மூலைக்கு ஒன்றாக வைத்தால், கையில் தட்டும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவர் கிட்டத்தில் இருப்பதில்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டில் தொட்டியின் மூடியில் பாட்டில் நுழையுமளவு வட்டத் துளையும், காகிதத் தொட்டிக்குத் தபால் பெட்டி மாதிரி வாயும் இருந்தால் கை தானாகத் தயங்கும். அறிவிப்புப் பலகையை யார் படிக்கிறார்கள்? தொட்டிக்குள் போடும் பை, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பையாக இருக்கட்டும். பந்தி முடியும் நேரத்தில் ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அலுமினியக் கேனை மட்டும் தவறவிடாதீர்கள். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைவிட, பழையதை உருக்கினால் ஏறக்குறைய 95% ஆற்றல் மிச்சம்.

இனி, பிரித்தும் பயனில்லாதவை. காகிதக் கோப்பையின் உட்புறம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் வசதி எல்லாக் காகித ஆலைகளிலும் கிடையாது. ‘மக்கும்’ என்று அச்சிட்ட பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பைக்கு 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் உரக்கூடம் தேவை. அந்தக் கோப்பை, பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் போலவே தெரிவதால் பாட்டில்களோடு கலந்து அவற்றையும் கெடுக்கும். அருகில் அப்படியொரு கூடம் இல்லையென்றால், கூடுதல் விலை கொடுத்து அந்தக் கோப்பையை வாங்குவது மனத்திருப்திக்கு மட்டும்தான். உலோகப் பூச்சுள்ள பலூனும் மறுசுழற்சிக்குப் போகாது. வெளியே பறந்து மின்கம்பியில் பட்டால் மின்சாரத்தையே நிறுத்திவிடும். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்குத் தூளை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்தது. கூட்டி அள்ள முடியாத பிளாஸ்டிக் அது.

பரிசுத் தாளுக்கு எளிய சோதனை உண்டு. கையில் கசக்கிவிடுங்கள், சுருண்டபடியே கிடந்தால் பெரும்பாலும் காகிதம், விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். பேட்டரி விளக்குச் சரங்களைக் குப்பையில் சேர்க்கவே வேண்டாம். லித்தியம் பேட்டரி லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

பிரித்தும் பயனில்லாத இவற்றை அரங்க வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். அலங்காரக்காரரும் சமையல்காரரும் உள்ளே கொண்டுவரக் கூடாதவற்றை முன்பதிவுப் படிவத்தில் எழுதுங்கள். முன்பணத்தில் ஒரு பகுதியைத் தொட்டிகளைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். பிரித்த பைகளை எடுத்துப்போகும் வண்டி அவற்றை எங்கே இறக்குகிறது என்பதையும் ஒருமுறை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அரங்குகளுக்கு அடிக்கடி விருந்தினராக வருபவர்