மகனுக்கு, அம்மா எழுதுவது

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாட்சப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் காகிதத்தை எடுத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பரோட்டா வேண்டாம்.

இந்த லெந்து காலத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். ‘இயேசுவின் ஊழியமும் நாமும்’ என்று தலைப்பு. பத்து நிமிஷப் பேச்சுக்குப் பத்து நாளாக வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா சொல்கிறார். உனக்கும் போன மாதம் முப்பது முடிந்தது. அன்றைக்கு நான் அடித்த போனை நீ எடுக்கவில்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

எல்லாரும் பேசுகிற அற்புதங்களை விட்டுவிட்டு, யோவான் நாலாம் அதிகாரத்தை எடுத்தேன். யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போகிற வழியில், சீகார் ஊருக்குப் பக்கத்தில் யாக்கோபுடைய கிணறு. உச்சி வெயில். நடந்து களைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் மொள்ள வந்த சமாரியா ஸ்திரீயிடம் ‘தாகத்துக்குத்தா’ என்கிறார். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரம் இல்லை. குடிக்க வேண்டுமென்றால் அவள் பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து வாசிக்கிற பகுதிதான், இது மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. அவளே திகைத்துப்போகிறாள். ‘யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறது. சம்பந்தம் என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. வேதத்தை மூடிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அப்புறம் அவர் அந்த ஊரிலேயே இரண்டு நாள் தங்கினாராம். இரண்டு நாள் என்றால் எத்தனை வேளை, யார் வீட்டு வட்டில்? வேதம் சொல்லவில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் வரும். ஊர் ஒதுக்கின வரி வசூல்காரன் லேவி வீட்டு விருந்து, அதே வேலை பார்த்த சகேயு வீட்டில் தங்கியது என்று பார்த்தால், ஊழியத்தில் பாதி பந்தியில் நடந்த மாதிரி இருக்கிறது. முறுமுறுத்தவர்களும் அதற்குத்தான் முறுமுறுத்தார்கள். கடல்மேல் நடப்பது நம்மால் ஆகாது. ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகுமே.

கோயில் அசன விருந்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காருகிறது என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! ஊரில் இருப்பதெல்லாம் நம்ம ஆட்கள், வேறு யார் வந்து உட்கார? நம்ம சபைக் குருவானவர் ஐயர் கொடுத்த சபைச் சரித்திரத்தையும் வாசித்தேன். சபைக்குள் சாதி கூடாது என்று 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் எழுதினாராம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதோடு கோயிலை விட்டே போய்விட்டார்கள். நாம் போகவில்லை, உள்ளேயே இருந்துகொண்டோம்.

செய்துங்கநல்லூர் அத்தையை உன்னிடம் பேசச் சொன்னது நான்தான், அவள் மேல் கோபப்படாதே. மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவின் தாய் மரியாளும் வெளியே நின்றுகொண்டு ஆள்தான் அனுப்புகிறாள். உள்ளே போயிருக்கலாம். அவளுக்கு என்ன கூச்சமோ.

கீழவிளை நிலத்தை விற்று உன்னைப் படிக்கவைத்ததைச் சொல்லிக்காட்டவில்லை. ஜெபக்கூட்டத்தில் உன் பேரைச் சொல்லும்போது என் குரல் உயரத்தான் செய்கிறது. ஆனால் ஒரு தாய் ஒன்று கேட்டால் போனை வைத்துவிடுவதா? வெயிலில் பைக்கில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நாலாம் வகுப்பில் உன் கூட்டுக்காரன் ஒருவன் பம்பரம் விட வந்தானே. தண்ணீர் கேட்டான். அடுப்படி ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் தம்ளரில், வாசலில் நிற்கவைத்துக் கொடுத்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். அவன் குடித்ததும் அதே தம்ளரை வாங்கி நீயும் குடித்தாய். அவன் தெருமுனை தாண்டினபிறகு உன்னை அடித்தேன். எதற்கென்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதம் வாசித்ததும் நான்தான். இதை அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் அன்று நீ அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது நான் கேட்ட முதல் இரண்டு கேள்வி எந்தத் தாயும் கேட்பது. மூன்றாவது கேள்வி அந்தத் தம்ளர்தான், தம்பி.

சங்கத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சொன்னால் முன்வரிசையில் இருக்கிறவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் அசனம். அரிசிக் கணக்குக்கு வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். நம்ம வீட்டுக்கு மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் போன் பண்ண மனசில்லாவிட்டால், எத்தனை பேர் என்று அப்பாவிடமாவது சொல்.

அம்மா