ஹூக்கைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த பந்து, கூடுதலாக வளைந்து திரும்பி வந்திருக்கிறது

அனுப்புநர்:
உங்கள் கடையின் நீண்டநாள் வாடிக்கையாளர்,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
மேலாளர்,
பௌலிங் பந்து பராமரிப்புப் பிரிவு.

பொருள்: பழைய ரியேக்டிவ் (தரையைப் பிடித்து வளையும் வகை) பந்தைத் தேய்த்து பாலிஷ் போட்ட வேலையில் குறை.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் என் பழைய பந்தை உங்கள் கடையில் கொடுத்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதன் ஹூக், அதாவது லேன் என்கிற ஆட்டத் தடத்தில் உருளும்போது அது வளையும் அளவு, குறைய வேண்டும். உங்கள் பணியாளரும் ரசீதில் 'ஹூக் குறைக்க' என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். 80 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். திரும்ப வாங்கிய பந்து பளபளவென்று இருந்தது உண்மை. ஆனால் லேனில் விட்டால் முன்பைவிட மோசமாக வளைகிறது. கடையில் நேரில் சொன்னதற்கு முறையான பதில் கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதை அன்றே விளக்கினேன். நாங்கள் மூத்தோர் லீக் ஆடுவது இரவில். அதற்குள் பகல் முழுக்க ஆடியவர்களின் பந்துகள் லேன் எண்ணெயை உறிஞ்சியும் இழுத்துச் சென்றும் விட்டிருக்கும். வீசுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் (பந்தால் சாய்க்க வேண்டிய கட்டை) வரை 60 அடி. சாதாரண ஹவுஸ் பேட்டர்னில் (அன்றாட ஆட்டத்துக்கு எண்ணெய் பூசும் முறையில்) ஏறக்குறைய முதல் 40 அடிக்குத்தான் எண்ணெய் போடுகிறார்கள். அதுவும் தேய்ந்துபோன நேரத்தில் ரியேக்டிவ் பந்து சீக்கிரமே தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். வலது கையால் வீசும் எனக்குப் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே நுழைய வேண்டும். அது முதல் பின்னின் முகத்திலேயே மோதி, நடுவே இடைவெளி விட்டுப் பின்கள் நிற்கும் ஸ்பிளிட் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் சில அடி வழுக்கிப் போய், பிறகு நிதானமாக வளைந்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

பந்து பழையது என்பதையும் மறைக்கவில்லை. ரியேக்டிவ் பந்தின் மேலோட்டில் நுண்துளைகள் உண்டு. லேன் எண்ணெய் அதில் இறங்கிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் துளைகள் அடைபட்டு வளைவு மங்கும். பெரும்பாலானவர்கள் அந்த எண்ணெயை வெளியே எடுத்து, மேல் தோலைச் சீவிப் பழைய வளைவை மீட்கத்தான் பந்தைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். சூடு காட்டி எண்ணெய் எடுக்க வேண்டாம், ஆழமாகத் தேய்க்க வேண்டாம், மேற்பரப்பை வழவழப்பாக்கினால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நடந்தது என்ன? எந்த எண் தேய்ப்புப் பேடில் தேய்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "500 போட்டோம், மேலே பாலிஷ் அடிச்சோம், அங்கிள்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. எல்லாக் கோளாறும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அப்ரலான் என்கிற அந்தத் தேய்ப்புப் பேடில் எண் குறையக் குறைய சொரசொரப்பு கூடும். 500 என்பது பந்துக்குப் பிடிப்பு வேண்டும் என்கிறவர்களுக்கான எண். அதை அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் ஊறிய மேல்படலம் போய், புதிய துளைகள் திறந்துகொள்ளும். வயதாகி அடங்கியிருந்த பந்து மறுபடி உயிர்பெறும். அந்தச் சொரசொரப்பின் மேல் பாலிஷை ஏற்றினால் என்ன ஆகும்? பந்து முன்பாதியில் வழுக்கும். கடைசி 20 அடியில், காய்ந்த பலகையில், சட்டென்று வெட்டித் திரும்பும். பாலிஷ் போட்டாலே ஹூக் குறைந்துவிடும் என்று உங்கள் பணியாளர் நம்புகிறார். பாலிஷ் முதலில் செய்வது வளைவைத் தள்ளிப்போடுவதுதான். மொத்த வளைவு குறைய வேண்டுமானால் பாலிஷுக்குக் கீழே இருக்கும் பரப்பு நயமாக இருக்க வேண்டும்.

சில ஆட்டங்கள் போனதும் நிலைமை இன்னும் கெட்டது. பந்து தரையைத் தொட்டு உருளும் ஓடுதடத்தில் பாலிஷ் தேய்ந்து, அடியில் இருந்த சொரசொரப்பு வெளியே வந்தது. இப்போது பந்து எண்ணெயிலேயே பிடிக்கத் தொடங்கி, முதல் பின்னைத் தாண்டி இடப்பக்கம் போய்விடுகிறது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து மாற்ற விதி இடம் தராது. அன்று இரவு முழுக்க அந்தப் பந்தோடு மல்லுக்கட்டினேன். என் அணிக்காரர்கள் மூவரும் நன்றாக ஆடியும் ஆட்டம் கைவிட்டுப் போனது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

வீட்டில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பந்தைப் பார்த்தேன். பளபளப்புக்கு அடியில் கீறல்கள் வட்டம் வட்டமாக, எல்லாமே ஒரே திசையில் ஓடுகின்றன. விரல் துளைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு கூட்டம், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம். நடு இடுப்பில் மட்டும் பழைய மங்கல் அப்படியே இருக்கிறது. பந்தைச் சுழற்றும் ஸ்பின்னர் இயந்திரத்தில் அதைக் குறைந்தது நான்கு பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம் கொடுத்திருந்தால் கீறல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டியிருக்கும். இங்கே ஒரு முறை கவிழ்த்துப் போட்டதோடு வேலை முடிந்திருக்கிறது. கட்டைவிரல் துளையின் விளிம்பில் பாலிஷ் பசை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. எழுத்துப் பள்ளங்களிலும் அதே பசை. பல்துலக்கும் பிரஷால்தான் சுரண்டி எடுத்தேன். விரல் விடுபடும் இடத்தில் பசை இருந்தால் வீச்சு தடுமாறும் என்பது பந்தில் துளை போடும் உங்களுக்குத் தெரியாததல்ல.

செய்திருக்க வேண்டிய முறை ஒன்றும் ரகசியமல்ல. முதலில் பந்தைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். மேலோட்டில் ஆழமான வெட்டு இல்லாதபோது 1000-லேயே மெதுவாகத் தொடங்கலாம். தண்ணீர் தெளித்து 1000, பிறகு 2000, பிறகு 4000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு பக்கம். பேடை மாற்றும் முன் முந்தைய தூளைத் துடைத்துவிட வேண்டும். அதற்கு மேல் பாலிஷ் மெல்லியதாக இருந்தால் போதும். 4000-த்தோடு நிறுத்தி லேனில் வீசிப் பார்த்துவிட்டு, பாலிஷ் தேவையா என்று கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நேரம் பிடிக்கும் வேலை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்காகத்தான் காசு கொடுத்தேன்.

பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தபோது அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது பழைய பந்து, அங்கிள். நேரா போகணும்னா பிளாஸ்டிக் பந்து வாங்கிடுங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். ஸ்பேர் எடுக்க (முதல் வீச்சில் மிஞ்சிய பின்களைச் சாய்க்க) பாலியெஸ்டர் என்கிற அந்தப் பிளாஸ்டிக் பந்து ஏற்கெனவே என் பையில் இருக்கிறது. ஒரே வீச்சில் எல்லாப் பின்னையும் சாய்க்கும் ஸ்டிரைக்குக்கு அது உதவாது. முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே உள்ள பாக்கெட்டில் நுழையும் கோணமும் பின்களைச் சரிக்கும் தள்ளலும் அதில் கிடைக்காது. இந்தப் பந்து என் கைக்கு அளவெடுத்துத் துளையிட்டது. முட்டியில் வலி வந்த பிறகும் என்னை ஆட்டத்தில் வைத்திருப்பது அந்தப் பிடிதான். அதைத் தூக்கிப்போடச் சொல்ல, வேலையைக் கெடுத்தவர்களுக்கு உரிமை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் கடையில் அனுபவமுள்ள ஒருவர், நான் பக்கத்தில் இருக்கும்போது, மேலே சொன்ன முறையில் பந்தைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். மறுபடி 500 வேண்டாம். தேய்க்கத் தேய்க்க மேலோடு குறைந்துகொண்டே போகும் என்பதால் கீறல் மறையும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். எந்தெந்த எண், எத்தனை பக்கம், என்ன பாலிஷ் என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். அது முடியாது என்றால் 80 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். நான் வேறு இடத்தில் செய்துகொள்கிறேன். இனி வேலைச்சீட்டில் 'பாலிஷ்' என்று ஒற்றைச் சொல் எழுதாமல், வாடிக்கையாளருக்கு வளைவு கூட வேண்டுமா குறைய வேண்டுமா, அவர் ஆடும் லேனில் எண்ணெய் அதிகமா குறைவா என்று கேட்டு எழுதும் வழக்கத்தையும் கொண்டுவாருங்கள்.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டியது உங்கள் கடமை. 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். ரசீதும், கீறல்கள் தெரியும்படி எடுத்த படங்களும் கைவசம் உள்ளன. நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

லீக்கின் அடுத்த சுற்று அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் பந்து சரியாகிக் கைக்கு வர வேண்டும். எந்த நாளில் கொண்டுவரலாம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பந்தின் படங்கள்.