இரண்டாம் பருவம் முடிந்தது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகிற தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்துவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் ஜூனில் அரும்பு என்கிற தொடக்க நிலையில் இருந்த பிள்ளைகள் பலர் இப்போது மொட்டு, மலர் என்கிற அடுத்த நிலைகளுக்கு வந்துவிட்டார்கள். விளையாட்டுப் போட்டியிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காமல் வந்தவர்களுக்கும் வாழ்த்து. காலை உணவு நேரத்துக்கு வருகிற பிள்ளைகள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தோட்டத்தில் முருங்கை நன்றாக வந்திருக்கிறது. எல்லா ஆசிரியர்களுக்கும் நன்றி.

சரி, இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பின் கண்மாய் ப்ராஜெக்ட் பற்றியது அது. மற்ற வகுப்புப் பெற்றோரும் படியுங்கள், மூன்றாம் பருவத்தில் நான்கிலிருந்து எட்டு வரை எல்லா வகுப்பிலும் இதே முறைதான் நடக்கப்போகிறது.

முதலில் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், பலருக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிகிறது. ஏழாம் வகுப்பில் முப்பது பேர். சீட்டுக் குலுக்கி, ஐந்து ஐந்து பேராக ஆறு குழு பிரித்தோம். நம் ஊர்க் கண்மாயை ஐந்து பாகமாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு பாகம் கொடுத்தோம்: வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால்), கரை, மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடம்), கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (அந்தத் தண்ணீர் பாயும் வயல்கள்). அப்புறம் ஆறு குழுவிலிருந்தும் மடை கிடைத்த ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து மடையைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்வார்கள், கலுங்கு கிடைத்த ஆறு பேர் கலுங்கைப் பற்றி. அது முடிந்ததும் அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய் மற்ற நால்வருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசியில் முப்பது பேரும் தனித்தனியாக ஐந்து பாகத்துக்கும் தேர்வு எழுதுவார்கள். அதாவது மடை கிடைத்த பிள்ளை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் மற்ற நாலு பேருக்கும் மடை தெரியாது. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை.

இது எங்கள் டீச்சர்கள் பொழுதுபோகாமல் கண்டுபிடித்தது இல்லை. 1971இல் அமெரிக்காவில் ஆஸ்டின் என்ற ஊரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் உருவாக்கிய முறை. அங்கே வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழி வந்த பிள்ளைகளும் அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்தவர்கள், அப்போதுதான் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரே அடிதடி. புத்தியும் சொல்லாமல் தண்டனையும் கொடுக்காமல், ஒருவர் கையில் இருக்கும் துண்டு இல்லாமல் இன்னொருவர் பாடத்தை முடிக்க முடியாது என்கிற மாதிரி வகுப்பையே மாற்றி அமைத்தார்கள், பிள்ளைகள் மெல்ல ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே போனால் புரியும்.

கரை கிடைத்த ஆறு பேரில் மூவர் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். கரையின் நீளத்தைக் காலடி எண்ணி அளந்தார்கள். ஒருவனுக்கு 1,412 காலடி, ஒருத்திக்கு 1,530, இன்னொரு பையனுக்கு 1,640. நீ தப்பு நான் சரி என்று கரையிலேயே சண்டை. கணக்கு டீச்சர் எதுவும் சொல்லாமல் மீட்டர் டேப்பை மட்டும் கையில் கொடுத்தார். தங்கள் ஒரு காலடியின் நீளத்தைத் தாங்களே அளந்தார்கள்: 62 சென்டிமீட்டர், 57, 53. பெருக்கிப் பார்த்தால் 875 மீட்டர், 872 மீட்டர், 869 மீட்டர். மூவர் சொன்னதும் கிட்டத்தட்ட சரிதான்! அதைக் கண்டுபிடித்த நிமிஷம் அந்த மூன்று முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சராசரி என்றால் என்ன, அளவில் பிழை எப்படி வருகிறது, அலகு ஏன் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் கரும்பலகையில் நாலு வாரம் சொன்னாலும் இப்படிப் பதியாது. ஆயக்கட்டு கிடைத்த பிள்ளைகள் இன்னொரு கேள்வியோடு வந்தார்கள்: மதுரைப் பக்கத்துக் கள்ளந்திரிக்கு மேற்கே இருபோகம் விளைகிறதே, நம் மேலூர்ப் பக்கம் மட்டும் ஏன் ஒருபோகம்? 1895இல் பெரியாறு அணை கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய கதையிலிருந்து தொடங்கி, கால்வாயின் கடைசியில் இருக்கிற ஊருக்குத் தண்ணீர் எப்போது, எவ்வளவு வந்து சேரும் என்பது வரை போனது அந்தப் பேச்சு. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

கடைசி வேலை, ஒவ்வொரு குழுவும் கண்மாயின் படத்தையோ மாதிரியையோ வகுப்பிலேயே, வகுப்பு நேரத்திலேயே செய்வது. களிமண், பழைய அட்டைப்பெட்டி, தேங்காய்ச்சிரட்டை, சார்ட் எல்லாம் பள்ளியில் வைத்திருந்தோம். ஆனால் அன்று காலை ஆறில் நாலு குழு கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த தெர்மாகோல் மாதிரியோடு வந்து நின்றது. பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் மரம் நட்டு, ஒன்றில் சின்ன பல்பு கூட எரிந்தது. பார்க்க அழகு, மறுக்கவில்லை. டீச்சர் ஒரு குழுவிடம் மடை எங்கே என்று கேட்டார். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் மடையே வைக்கவில்லை. மடையே இல்லாத கண்மாயை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள், அதுவும் பத்து நாளுக்கு முன்னால் உண்மையான மடையின் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்.

இதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. ஒரு மாதிரிக்கு 600 ரூபாய் ஆனதாம், தலைக்கு 120 என்று பிரித்திருக்கிறீர்கள். அந்த 120 ரூபாயைக் கொடுக்க முடியாத ஒரு வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. கேட்டபோது வயிற்றுவலி என்று சொன்னது. மூன்றாம் நாள் சத்துணவு அக்காவிடம்தான் உண்மையைச் சொல்லி அழுதிருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை காசு இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டது, அதுவும் நாங்கள் கேட்காத காசுக்கு. நீங்கள் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் வேலை நன்றாக இருக்க வேண்டும், நாலு பேர் மத்தியில் குறைவாகத் தெரியக்கூடாது என்ற ஆசையில் செய்தது. பருவம் நடக்கும்போதே டீச்சர் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு நூறில் நாற்பது மதிப்பெண் இருக்கிறதே, அது போய்விடுமோ என்ற பயமும் இருந்திருக்கும். அந்த நாற்பது, பிள்ளை என்ன யோசித்தது, என்ன கேட்டது, என்ன செய்தது என்பதற்கு. கடையில் வாங்கிய பொருளுக்கு டீச்சர் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்? இரண்டே இரண்டு குழு களிமண்ணில் செய்தது. ஒன்று காய்ந்து வெடித்துவிட்டது, இன்னொன்றில் கரை கோணல். ஆனால் கலுங்கு ஏன் மடையைவிட உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேரும் சொல்கிறார்கள்.

உங்களில் சிலர் போனில் சொன்ன குறைகளில் நியாயமானவையும் உண்டு. மழைக்காலத்தில் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போவது பயம் என்றீர்கள், சரியான கவலை. இரண்டு ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர் இருவரும் கூட வந்தார்கள், யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இருந்தாலும் இனி முந்தின நாளே உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வெளியே கூட்டிப்போவோம், அதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. ஒரு பிள்ளை உழைக்க நாலு பிள்ளை மதிப்பெண் வாங்குகிறது என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: குழு வேலைக்குக் குழுவாக மதிப்பெண் கிடையாது, தனித்தனியாக எழுதிய தேர்வுக்கும் டீச்சர் குறித்து வைத்த குறிப்புக்கும்தான். நோட்டில் எழுத்தே இல்லை, பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் எனக்குப் புதிதில்லை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது நான் வேறு ஒன்றியத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, பாட அட்டை எடுத்து, கீழ்மட்டக் கரும்பலகையில் பிள்ளைகளே எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன டீச்சர் பள்ளிக்கூடம் பால்வாடி மாதிரி ஆயிருச்சு என்று பெற்றோர் வாசலில் நின்று கேட்டார்கள். எனக்கே அப்போது சந்தேகம் இருந்தது. என்னிடம் வாயே திறக்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு, பாட அட்டைகளின் ஏணிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிப் போனதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் போனது. அந்தப் பேச்சுச் சத்தத்துக்குள்தான் படிப்பு நடக்கிறது. நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர முடியாது. குழு பிரித்த வாரத்தில், என் பிள்ளையை அந்தக் குழுவிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று ஆறு பேர் கேட்டீர்கள். அந்தப் பிள்ளை சரியாகப் படிக்காது என்று சிலர் சொன்னீர்கள். சிலர் காரணம் சொல்லவில்லை, சொல்லாத காரணம் எனக்கும் உங்களுக்கும் தெரியும். பச்சையாகவே சொல்கிறேன்: எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று பார்த்து இந்தப் பள்ளியில் யாரும் குழு மாற்ற முடியாது. என்னிடம் கேட்காதீர்கள், வகுப்பு டீச்சரிடமும் கேட்காதீர்கள், பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். பள்ளிகளில் சாதி மோதல் பற்றி ஆராய அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. எழுதி வைக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறதே என்று படித்தபோது மனசு கனத்தது. மத்தியானம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகள் அவர்கள். யாரோடு சேரக்கூடாது என்பது அவர்களுக்குத் தானாகத் தெரிவதில்லை. வீட்டிலிருந்து யாராவது சொல்லி அனுப்பினால்தான் தெரியும். தயவுசெய்து சொல்லி அனுப்பாதீர்கள். மறுபடியும் இந்தக் கோரிக்கையோடு வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத்தான் பேசுவேன்.

இதை எழுதும்போது, உதவிய பலரின் முகமும் கண்முன் வருகிறது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சித் தாத்தா இரண்டு மத்தியானம் தன் வேலையை விட்டுவிட்டு வந்து, மடை திறப்பதை, கலுங்கில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே கண்மாய் நிறைந்ததைச் சொல்வதை எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர் பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதிய பக்கங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, வந்து படியுங்கள். களிமண் மிதித்துக் கொடுத்த அப்பாவுக்கும், அட்டைப்பெட்டி சேர்த்துக் கொடுத்த மளிகைக் கடை அண்ணனுக்கும், குழு மாற்றச் சொல்லிவிட்டு மறுவாரம் வந்து "வேண்டாம் டீச்சர், அவ அங்கயே நல்லா இருக்கா" என்று சொன்ன அம்மாவுக்கும் என் நன்றி. அந்த அம்மாவுக்கு அப்படி வந்து சொல்ல எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் பருவத்துக்கு நான் கேட்பது இவ்வளவுதான். குழு வேலைக்காக எதுவும் வாங்காதீர்கள், காசு பிரிக்காதீர்கள். வீட்டில் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததை அப்படியே அனுப்புங்கள். ராத்திரி சாப்பிடும்போது இன்றைக்கு யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய், யாரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். மீட்டர் டேப் கொடுத்துதவ முடிந்தால் இன்னும் நல்லது, ஆறு குழுவுக்குப் பள்ளியில் ஒன்றுதான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்பில் நீங்களே வந்து உட்கார்ந்து பார்க்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று மாலை மூன்றரை மணிக்கு வைத்திருக்கிறோம், முக்கால் மணி நேரம்தான். பாடம், வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் ஏன் ஏறி இறங்குகிறது என்பது. பிள்ளைகள்தான் நடத்துவார்கள். வருகிற பெரியவர்களும் வாசலில் சீட்டு எடுத்து, அந்தச் சீட்டில் வருகிற குழுவில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்