ஏரிக்கரை குதிரைக்கார அண்ணனுக்கும், கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள கொடைக்கானல் மக்களுக்கு,

புரட்டாசியில் ஏரிச்சாலையில் ஓடப் போய் நான் விழுந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இன்று காலை ஏரியை ஒரு சுற்று முழுதாக வந்துவிட்டேன். அஞ்சு கிலோமீட்டர், பாதி ஓட்டம், பாதி நடை. வேர்வை காய்வதற்குள் எழுதுகிறேன்.

அன்று தூக்கி உட்கார வைத்தவர்கள், காசு வாங்காத ஆட்டோக்காரர், தண்ணீரோடு ஓடிவந்த சோள வண்டி அக்கா, ஈசிஜி எடுத்து, பிரஷர் பார்த்து, "ஓடலாம், ஆனா நடையில ஆரம்பிங்க" என்ற டாக்டரம்மா, எல்லாருக்கும் என் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தீபாவளி லீவில் மறுபடி ஏரிக்கரைக்குப் போனேன். கால் எழவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சவாரி விடும் அண்ணன் ஒருவர் பழுப்புக் குதிரையோடு பக்கத்தில் வந்தார். "பயமா இருக்காம்மா? இவளும் இப்பத்தான் லாயத்துல இருந்து வர்றா. எடுத்த எடுப்புல ஓட விட மாட்டேன். கொஞ்சம் நடத்திட்டுத்தான். நீங்களும் கூட வாங்க."

நடந்தோம். பிறகு மெல்ல ஓடச் சொன்னார். "பேசிக்கிட்டே ஓடுங்க. பேச முடியலன்னா நடங்க." டாக்டரம்மா சொன்னதும் இதேதான். நம்ம ஊர் 2,100 மீட்டர் உயரம். சமவெளியில் ஓடுபவர்களின் கணக்கு இங்கே ஆகாது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

முடிந்ததும் மூச்சிரைக்க பெஞ்சில் உட்காரப் போனேன். விடவில்லை. "குதிரையையே சூட்டோட கட்ட மாட்டோம்மா" என்று கயிற்று நுனியை என் கையில் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை நடக்க வைத்தார். லீவுக் கூட்டம் அலைமோதிய நேரம். அந்த அரை மணியில் அவருக்கு இரண்டு சவாரியாவது போயிருக்கும்.

கிளம்பும் முன் குனிந்து குதிரையின் முழங்காலைத் தடவிப் பார்த்தார், வீக்கம் இருக்கிறதா என்று. தினமும் பார்ப்பாராம். என் முழங்காலை நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. யாரோ எடையைச் சொல்லிக் காட்டிய கோபத்தில், இந்த உடம்பைத் தண்டிக்கத்தான் புரட்டாசியில் ஓடினேன். இப்போதும் 90 கிலோவுக்கு மேல்தான். ஆனால் ஏழு ரோட்டு இறக்கத்தில் ஓடுவதில்லை, நடந்தே இறங்குகிறேன். முட்டி வலித்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. நெஞ்சில் சின்ன இறுக்கம் வந்தாலும் நின்றுவிடுவேன், நேராக டாக்டரம்மாவிடம்தான்.

உடம்பு கனத்து, ஓட ஆசைப்பட்டு, வேலியோரம் தயங்கி நிற்பவர்கள் யாராவது இருந்தால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்குப் படகுத்துறை வாசலில் இருப்பேன். கூட நடக்கிறேன்.

அண்ணே, திங்கட்கிழமை அவளுக்குக் கேரட் கொண்டு வர்றேன்.